பழைய மைதானக் காணிக்குள்ளயே புது அரங்கு: எதை முதல் செய்யிறது?

வலிகாமம்_10:
எங்கட கழக மைதானத்துக்கு வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனம் காசு தர முன்வந்திருக்கினம். 1,500 பேர் இருந்து பார்க்கிற படிக்கட்டு, புல்லுத்தரை, சுற்றிவர 400 மீற்றர் ஓட்டப்பாதை எண்டு ஒரு வரைபடம் வந்திருக்கு. லண்டன் உதைபந்தாட்டக் கழகம் டொட்டன்ஹாம் தன்ர பழைய அரங்கு வைற் ஹார்ட் லேனை உடைச்ச இடத்திலயே புதுசு கட்டின மாதிரி, போட்டியள் நிக்காமல் நாங்களும் செய்யலாமோ? விசயம் தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.

கோர்னர்கொடி:
தம்பி, முதல் அந்த ஓட்டப்பாதையை வரைபடத்தில இருந்து எடுங்கோ. 105க்கு 68 மீற்றர் தரையும் ஓரங்களும் சேர்த்து 125க்கு 85 எண்டு வைச்சால் 42 பரப்புக் காணி காணும். எட்டு ஓடுபாதை போட்டால் 65 பரப்புக்குக் கிட்டப் போகும். கோலுக்குப் பின்னால நிக்கிற ஆள் கோட்டில இருந்து 36 மீற்றர் தள்ளித்தான் நிக்கவேணும். இன்னொரு லண்டன் கழகம் வெஸ்ட் ஹாம் 2016இல தன்ர பழைய அரங்கு அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் அரங்குக்குப் போனபிறகு ரசிகர் பட்ட பெரிய மனக்குறை இந்தத் தூரம்தான். டொட்டன்ஹாமில முன்வரிசை கோட்டில இருந்து சுமார் 5 மீற்றர். கத்தினால் ஆட்டக்காரனுக்குக் கேக்கும்.

போட்டி நிக்காமல் டொட்டன்ஹாமும் கட்டேல்ல. 2016இல பழைய அரங்கின்ர ஒரு மூலையை உடைச்சுப்போட்டு ஒரு பருவம் ஆடிச்சினம். 2017 மே 14 கடைசி ஆட்டம். அதுக்குப்பிறகு வெம்பிளி அரங்கில ஆடிச்சினம். 2018 செப்டெம்பரில திரும்பியிருக்கவேணும், பாதுகாப்பு அமைப்புகளில பிழை வந்து 2019 ஏப்ரல் 3தான் முதல் ஆட்டம். உங்களுக்குப் பொருந்திறது ஸ்பெயினில இருக்கிற பில்பாவோ கழகம் செய்த முறை. தங்கட பழைய அரங்கு சான் மாமேஸுக்குப் பக்கத்தில மூண்டு பக்கம் கட்டி, 2013இல அங்க ஆடத்தொடங்கி, நாலாவது பக்கத்தைப் பழைய அரங்கு இருந்த இடத்தில பிறகு எழுப்பினவை.

படிக்கணக்கு:
படிக்கட்டு மேற்குப் பக்கம் வரட்டும். கோல்கள் வடக்குத் தெற்காக இருந்தால் நாலு மணி ஆட்டத்தில கோல்காப்பாளருக்கு வெயில் நேர கண்ணில அடிக்காது, சனத்துக்கும் வெயில் முதுகுப்பக்கம்தான். ஆனா அந்தப் படிக்கட்டு கிழக்கைப் பார்த்தபடி இருக்கும், வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து முன்வரிசையில அடிக்கும். பில்பாவோவிலயும் கீழ்வரிசையள் நனைஞ்சுதான் 2016இல கூரையை நீட்டினவை. நீங்கள் முதலே நீட்டுங்கோ.

ஒரே உயரத்தில எல்லாப் படியையும் கட்டிறதுதான் வழக்கமான பிழை. பின்னால இருக்கிறவரின்ர பார்வை முன்னால இருக்கிறவரின்ர கண்ணுக்கு மேல 9 சென்ரிமீற்றராவது உயர்ந்து போய்க் கோட்டைத் தொடவேணும். முதல்படி தரையில இருந்து 30 சென்ரிமீற்றர், முன்வரிசை கோட்டில இருந்து 6 மீற்றர், படி அகலம் 80 சென்ரிமீற்றர், உயரம் 35 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. முதல் வரிசைக்கு மேலால 13 சென்ரிமீற்றர் கிடைக்கும். பத்தாவது வரிசைக்கு மேலால அது 6 ஆகச் சுருங்கும். அந்த இடத்தில படியை 40 ஆக்கினால் 11 வரும். படியை 25இல கட்டினால் இரண்டாம் வரிசையே தலையைத்தான் பார்க்கும்.

சல்லியும்மணலும்:
வேலை ஒழுங்கு முக்கியம். படிக்கட்டு முதல், புல்லு கடைசி. சல்லி லொறி ஒண்டு வடிகால் குழாய்க்கு மேலால போனால் குழாய் நசியும், செம்மண் இறுகிப்போகும், அந்த இடத்தில மாரி முழுக்கத் தண்ணி நிக்கும். மாசியில படிக்கட்டைத் தொடங்கினால் ஆவணிக்குள்ள முடிக்கலாம். அதுவரை அந்தப் பக்கத்தை அடைச்சுப்போட்டு ஆடலாம்.

பிறகு தரை. நடுவில இருந்து இரண்டு பக்கக்கோட்டுக்கும் 100க்கு 1 சரிவு, அதாவது நடு 34 சென்ரிமீற்றர் உயரம். 5 மீற்றருக்கு ஒரு வாய்க்கால் அரை மீற்றர் ஆழத்துக்கு வெட்டி, துளைக்குழாய் போட்டுச் சல்லியால நிரப்பி, வெட்டின செம்மண்ணைத் திரும்பிப் போடாமல் மேலால மணல் போடுங்கோ. ஐப்பசி முதல் மழையோட அறுகந்தண்டை நடலாம். தைப்பொங்கல் வரைக்கும் ஒருத்தரும் இறங்கப்படாது. தரைவேலை தொடங்கினதில இருந்து அதுவரைக்கும்தான் வேற மைதானம் தேடவேணும்.

வலிகாமம்_10:
நல்லது அண்ணை. கோடையில தண்ணி எவ்வளவு வேணும்?

சல்லியும்மணலும்:
தரை முழுக்க 5 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணி விட்டாலும் ஒருநாளைக்கு 36,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில ஏழு நடைக்கு மேல. கிணத்துத் தண்ணியின்ர உப்பை இப்பவே சோதிச்சுப் பாருங்கோ. உவர் கூட எண்டால் அறுகை விட்டு உப்புத் தாங்கிற பாஸ்பலம் புல்லுக்குப் போறது நல்லது.