லண்டனிலிருந்து பார்சிலோனாவுக்கு ரயிலில்: பாரிஸில் நிலையம் மாறுவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாத, முழங்கால் வலியுள்ள என் அம்மாவை லண்டன் செயின்ட் பாங்கிராசிலிருந்து பார்சிலோனா சான்ட்ஸ் வரை ஒரே நாளில் ரயிலில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். யூரோஸ்டார் ரயில் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடங்களில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தை அடைந்துவிடும். ஆனால் பார்சிலோனா செல்லும் நேரடி டிஜிவி (பிரெஞ்சு அதிவேக) ரயில் கார் து லியோன் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. இடையே ஆர்இஆர் டி என்னும் புறநகர் ரயில் தடத்தில் இரண்டே நிறுத்தங்கள்தாம் என்றாலும், பெட்டிகளோடு படி ஏறி இறங்குவதை நினைத்தால் டாக்சியே மேல் என்று படுகிறது. டாக்சியில் செல்வதானால் இரண்டு மணி நேர இடைவெளி போதுமா? பயணச்சீட்டுகளைத் தனித்தனியே வாங்கியிருந்து, முதல் ரயில் தாமதமானால், அடுத்த ரயிலில் இடம் தருவார்களா?

இன்னொன்று: தென் பிரான்சின் செத் நகர் அருகே கடலுக்கும் தோ என்னும் காயலுக்கும் நடுவே ரயில் செல்லும் காட்சியை அம்மா பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஈரடுக்கு டிஜிவி ரயிலின் கீழ்த்தளத்திலிருந்தே அது நன்றாகத் தெரியுமா? அவ்வழியே சென்றவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.