அண்ணனை நல்லவனாக்க தம்பியைக் கெட்டவனாக்கணுமா?

பொதிகைச்சாரல்:
அம்பாசமுத்திரம் பக்கம் நடக்கிற கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுகிறான். தம்பி அதே வயலைப் பிளாட் போட ஆள் கூட்டி வருகிறான். அண்ணன் வாய் திறக்காதவன், தம்பி வாயாடி. எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்றால்தான் கதை ஓடும் என்பது என் எண்ணம். உங்களுக்கு எப்படிப் படுகிறது?

பாளை வாசகி:
எனக்கு உடன்பாடில்லை தம்பி. யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டீர்கள். விற்கிறவன் வாயாடி, காக்கிறவன் ஊமை. அப்புறம் தம்பிக்குக் கதையில் என்ன வேலை? அண்ணனைத் தூக்கி நிறுத்த ஒரு முட்டு, அவ்வளவுதான். ஒரே ஆளுக்கு விற்கவும் தோன்றும், வைத்துக்கொள்ளவும் தோன்றும். அதை எழுதுங்கள்.

குடமடி:
ஒரே ஆளின் மனசுக்குள் நடப்பதை எத்தனை பக்கம்தான் எழுதுவது அக்கா? வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமண இளைஞன். பொம்மக்கா, திம்மக்காவைக் கட்ட ஆசைப்பட்டு, செருப்புத் தைக்கும் அவர்கள் அப்பா வாலப்பகடையிடம் போய் நிற்கிறான். அவர் ஒன்றும் மயங்கிவிடவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தை, அப்புறம் பேசலாம் என்கிறார். பட்டன் மனசில் என்ன ஓடுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவர் கேட்டதுமே அவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனைப் பட்டவராயன் என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். இன்றைக்கும் அவனுக்குச் செருப்பைத்தான் காணிக்கை வைக்கிறார்கள்.

பாளை வாசகி:
நீங்கள் சொன்னது எனக்குத்தான் தோதாக இருக்கிறது அண்ணாச்சி. வாலப்பகடை பட்டனை உயர்த்திக் காட்ட வந்தவர் இல்லை. பெண்ணைப் பெற்றவர். நாளைக்கு இவன் கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்று நினைத்துத்தான் கேட்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தக் கதையில் தம்பிக்கு என்ன நியாயம் இருக்கிறது?

குடமடி:
நியாயம் வேண்டும், சரி. ஆனால் அதற்காக முரணை மழுக்கக் கூடாது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், வாலப்பகடை காட்டில் கண்டெடுத்து வளர்த்தார் என்று பாடும் வடிவமும் உண்டு. அது பின்னால் சேர்த்தது என்பது நாட்டார் கதைகளை ஆராய்ந்த நா. வானமாமலையின் கருத்து. சேர்த்ததும் என்ன ஆகிறது பாருங்கள். எல்லாரும் ஒரே குலம் என்றால் பட்டன் பூணூலை அறுத்து எதை இழந்தான்? கதையின் உயிரே போய்விடுகிறது. எல்லாரிடமும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைத்தாலும் இதே கதிதான்.

பொதிகைச்சாரல்:
ஒரு காட்சி யோசித்திருக்கிறேன். அண்ணனுக்கு உரக்கடையில் பழைய பாக்கி. பிளாட்காரர் கொடுத்த அட்வான்சில் தம்பி அதை அடைத்துவிட்டு வாயே திறப்பதில்லை. கடை நோட்டில் தன் பேர்மேல் கோடு விழுந்திருப்பதை அண்ணன் பார்க்கிறான். அப்போதும் தம்பி விற்கத்தான் போகிறான்.

பாளை வாசகி:
இப்போது தம்பி ஆளாகிவிட்டான். அண்ணன்தான் இன்னும் பொம்மையாக நிற்கிறான். கோட்டைப் பார்த்துவிட்டு என்ன செய்கிறான்? சும்மா வீட்டுக்குப் போகிறான் என்று எழுதினால் நான் விடமாட்டேன்.

குடமடி:
நேரே போய்க் கேட்கட்டும். வரப்பிலேயே, நடவு ஆட்கள் முன்னால்.

பாளை வாசகி:
நாலு பேர் முன்னால் கேட்டால் தம்பி பொய்தான் சொல்வான். கேட்கவே வேண்டாம். அந்தப் பணத்தைத் தம்பியிடம் திருப்பிக் கொடுக்க, அடுத்த கார் பருவ விதைப்புக்கு வைத்திருக்கும் விதைநெல்லை அண்ணன் விற்கட்டும்.