டெஸ்டர் எரிஞ்சா பேஸ் இருக்குன்னு அர்த்தமில்ல

த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர்ல, அதான் மூணு லைன் கரண்ட்ல ஓடுற மோட்டாரக் கெளப்புற பெட்டில, கை வைக்கிறவங்க பட்ட அனுபவத்த ஆளாளுக்கு எழுதிருக்கீங்க, எனக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மாவு மில்லுல நடந்தது இன்னும் மறக்கல. அங்க 10 எச்.பி. மோட்டார் ஸ்டார் டெல்டாவுல (மொதல்ல வைண்டிங்குக்கு கம்மி வோல்ட்டேஜ் குடுத்துக் கெளப்பி அப்பறம் முழுசுக்கு மாத்துற முறை), பக்கத்துல மொளகா பொடிக்க 3 எச்.பி. ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். காலைல போன் வந்துச்சு, "அண்ணே பெரிய மோட்டாரு உறுமுது, சுத்த மாட்டேங்குது, சின்னது நல்லாத்தான் ஓடுது"ன்னு.

போய் ஸ்டார்ட்டரத் தெறந்து டெஸ்டர் வச்சா மூணு முனையிலயும் எரியுது. சரி பேரிங் பிடிச்சிருச்சுன்னு நெனச்சு பெல்ட்டக் கழட்டிட்டு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டேன், அதுதான் நான் செஞ்ச தப்பு, மூணாவது தடவை கருகுன வாடை வந்துருச்சு. அப்பறம்தான் சின்ன மோட்டார நிறுத்திப்புட்டு மீட்டர எடுத்தேன். மூணு பேஸுக்கும் ஆர், ஒய், பின்னு பேரு, அதுல ஆர்க்கும் ஒய்க்கும் 415 வோல்ட் கிட்ட காட்டுது, பி கூடச் சேத்துப் பாத்தா வரவே இல்ல. மெயின்ல பி பேஸ் பியூஸ் போயிருக்கு! சின்னது ஏற்கெனவே சுத்திக்கிட்டு இருந்ததால ரெண்டு பேஸ்லயே இழுத்துக்கிட்டு ஓடிருக்கு, அதோட வைண்டிங் வழியா செத்த பேஸுக்கும் வோல்ட்டேஜ் திரும்பி வந்துருக்கு, டெஸ்டர் எரிய அம்புட்டு போதும், பெரிய மோட்டாரச் சுத்த வைக்க அது பத்தாது. மோட்டாருக்கு கரண்ட் விடுற காந்த சுவிட்ச், அந்த காண்டாக்டரோட காயில் ஆர்லயும் ஒய்லயும் இருந்ததால அதுவும் ஜம்முன்னு பிடிச்சுக்கிச்சு.

அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா மோட்டார நிறுத்த வேண்டிய ஓவர்லோடு ரிலே ஏன் விழலன்னு பாத்தா அது வேற கதை. அந்த மோட்டார் பிளேட்டுல 14 ஆம்பியர். ஸ்டார் டெல்டாவுல ரிலே வைண்டிங்குக்குப் போற வயர்ல இருந்தா 0.58ஆல பெருக்கி 8 ஆம்பியர் கிட்டதான் வைக்கணும், யாரோ அப்படியே 14ல வச்சுட்டுப் போயிருக்காங்க. கருகுன வைண்டிங்கத் திரும்பக் கட்டுற செலவுல பாதிய நான் ஏத்துக்கிட்டேன்.

இப்பல்லாம் மெயின ஆஃப் பண்ணி பியூஸ் மாட்டியிருக்குற கேரியர் மூணையும் உருவி என் பையில போட்டுட்டுத்தான் ஸ்குரூ டிரைவரவே எடுப்பேன். வேலை முடிஞ்சதும் எல்லா மோட்டாரும் நிக்கும்போது ஆர் ஒய், ஒய் பி, பி ஆர்னு மூணையும் மீட்டர்ல பாக்காம ஸ்டார்ட் போடுறதில்ல.

—

அண்ணே நான் மேலூர்ப் பக்கம் கெணத்து மோட்டார் பாக்குறேன், கேரியரப் பையில போடுறதுக்கு ஆயிரம் கும்பிடு. இங்க த்ரீ பேஸ் வர்ற நேரம் கணக்கு, கரண்ட் இல்லாதப்பதான் தோட்டக்காரங்க கூப்புடுவாங்க, கரண்ட் இல்லையேன்னு மெயினத் தொடாமயே ஸ்டார்ட்டரத் தெறந்துருவாங்க. எங்க சித்தப்பா அப்படித்தான் கரண்ட் உள்ள வர்ற மேல் முனை வயரக் கழட்டிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் வந்து ஆளத் தூக்கிப் போட்டுருச்சு, வலது கையில ரெண்டு வெரலு இன்னமும் மடங்காது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்குற எடத்துல இன்னும் மோசம், கரண்ட் வந்தா மோட்டாரும் தானா எடுத்துக்கும்.

—

சித்தப்பாவ நெனச்சா கஷ்டமா இருக்குப்பா. கெணத்து மோட்டார்ல கெபாசிட்டர் போட்டுருந்தா அதையும் பாத்துக்க, மெயின ஆஃப் பண்ணாலும் அதுல கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும், நான் அஞ்சு நிமிஷம் விட்டு மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் வயரத் தொடுவேன்.