காதல், பிரிவு, குடும்ப நினைவு: அப்பாவுக்கான பாடல் பட்டியலை எப்படி அடுக்குவது?

தெம்பனிஸ் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவின் 70ஆம் பிறந்தநாளுக்கு வரும் டிசம்பரில் சொந்தபந்தங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுகிறோம். அன்று வீட்டில் ஒலிக்கவும், பிறகு அப்பா தம் கைப்பேசியில் தனியாகக் கேட்கவும் ஸ்போட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் ஒரு பாடல் பட்டியல் தயாரித்து வருகிறேன். காதல், பிரிவு, குடும்பம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் தொடங்கினேன். ஆனால் பாதிப் பாடல்கள் எந்தப் பிரிவிலும் அடங்க மறுக்கின்றன.

இன்னொரு தயக்கமும் உண்டு. அம்மா மறைந்த பிறகு, சில பாடல்கள் சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8இல் வந்தாலே அப்பா எழுந்து போய் வானொலியை நிறுத்திவிடுகிறார். அவற்றைச் சேர்க்கலாமா? அம்மா வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகளும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலில் கொண்டுவர வழி உண்டா?

ஈசூன் வாசகி எழுதியது:

பாடல் எதைப் பற்றியது என்று பார்த்துப் பிரிக்கும்வரை இந்தச் சிக்கல் தீராது. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு அது தாலாட்டு; ஆனால் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடும் அந்தப் பாட்டில், பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே ஒருவரையொருவர் நினைத்து உருகுகிறார்கள். அதைக் குடும்பத்தில் வைப்பீர்களா, பிரிவில் வைப்பீர்களா? எங்கள் வீட்டிலோ அது இரண்டுமில்லை. பெரியம்மா இஸ்திரி போடும்போது பாடும் பாட்டு அது; அடுத்த சரணம் மறந்துபோய் முதல் சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடுவார் என்பதால், அதைக் கேட்டாலே எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆகவே ஒவ்வொரு பாட்டும் யாருடைய நினைவு என்று கேட்டு அடுக்குங்கள். ஸ்போட்டிஃபை பட்டியலில் மற்றவர்களும் பாடல் சேர்க்க அழைப்பு அனுப்பலாம். அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பாட்டு கேளுங்கள்; அந்தப் பாட்டு ஏன் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதாத பாட்டை இரக்கமின்றி நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் போன வாரம் வெளிவந்த பாட்டெல்லாம் வந்து குவிந்துவிடும். இது அனுபவத்தில் கண்டது.

அப்பா நிறுத்திவிடும் பாடல்களைக் கூட்டத்தில் ஒலிக்கவிடாதீர்கள். அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு, அப்படி ஒன்று இருப்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம்.

பழைய நாடா எழுதியது:

கேசட் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊர் ஈரப்பதத்தில் டின்னுக்குள் இருந்த நாடாவில் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள்; சுற்றிய நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் போலப் படிந்திருந்தால் அதை எந்தக் கருவியிலும் போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பூஞ்சை கருவியில் நாடா உரசிச் செல்லும் முனையில் ஒட்டிக்கொண்டு நல்ல நாடாக்களுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

நல்ல நிலையில் உள்ளவற்றை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, கருவியின் ஒலி வெளியீட்டை ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு யுஎஸ்பி மாற்றி வழியாகக் கணினியில் இணையுங்கள். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக, தரம் குறையாத வேவ் வடிவில் சேமித்து, கைப்பேசிக்காக எம்பி3 பிரதி ஒன்றைத் தனியே எடுங்கள். கணினியிலுள்ள கோப்புகளைக் காட்டும் வசதி ஸ்போட்டிஃபை அமைப்புகளில் உண்டு. அது எம்பி3யை ஏற்கும்.

பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் குரலோ, அம்மா பதிவுப் பொத்தானை அழுத்திய ‘டக்’ ஒலியோ வந்தால் வெட்டிவிடாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும், அந்த ‘டக்’ கிடைக்காது.

ஜூரோங் ரசிகன் எழுதியது:

ஈசூன் வாசகியுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தனிப் பட்டியல் என்று போட்டுவிட்டு அதில் சோகப் பாட்டாகவே அடுக்கிக்கொண்டு போனால் கேட்பவர் மூழ்கிப்போவார். அந்தக் காலத்தில் பாட்டுகளைப் பதிந்துவைத்த 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம்தான்; ஏழெட்டுப் பாட்டில் முடித்தாக வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அந்த அளவுதான் நம்மை யோசிக்கவைத்தது. உங்கள் பட்டியலுக்கும் அதே 30 நிமிடத்தை எல்லையாக வையுங்கள். மிகவும் கனமான பாட்டை நடுவில் வைத்து, தேற்றும் பாட்டில் முடியுங்கள். ‘சுமைதாங்கி’ (1962) படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய ‘மயக்கமா கலக்கமா’ அந்த இடத்துக்கென்றே எழுதியது போல இருக்கும்.

வரிசை மாற்றி ஒலிக்கும் வசதியையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கும் வசதியையும் மறவாமல் அணைத்துவிடுங்கள். இளையராஜாவின் முகப்பு இசைமேல் முந்தைய பாட்டின் கடைசி வரி ஏறி நின்றால் எனக்குக் கோபமே வந்துவிடும்.

உங்கள் அப்பாவின் வயதைப் பார்த்தால், மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி.ரம்லியின் பாடல்களும் அவர் நினைவில் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன் என்ற தமிழர் என்பதைச் சொன்னால், விருந்தில் பெரியவர்களுக்குப் பேச ஒரு விஷயமும் கிடைக்கும்.

தெம்பனிஸ் மகள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பியிடம் சொன்னதும் அவன் அனுப்பிய முதல் பாட்டு, நான் பிரிவில் வைத்திருந்த ஒன்று. அம்மா அவனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும்போது முணுமுணுத்தது என்று காரணம் எழுதியிருக்கிறான். எனக்கு அது தெரியவே தெரியாது. மூன்று பிரிவுகளையும் கலைத்துவிட்டேன். கேசட்டுகளை இந்தச் சனிக்கிழமை வெளிச்சத்தில் பார்க்கிறேன். பழைய நாடா அவர்களே, வெள்ளையாக ஏதும் தென்பட்டால் படம் எடுத்து இங்கே பதிவிடுகிறேன். அது பூஞ்சையா, வெறும் தூசியா என்று சொல்ல முடியுமா?