நாதஸ்வரத்தில் சைலன்ட் நைட்: எந்த கேசட்?

சைலன்ட் நைட் என்ற கிறிஸ்துமஸ் பாட்டை யார் எந்தப் பாணியில் பாடியிருந்தாலும் சேர்த்து வைக்கிறேன். பிங் கிராஸ்பி 1935-ல் பாடியது, மஹாலியா ஜாக்சன் காஸ்பல் பாணியில் பாடியது, டெம்ப்டேஷன்ஸ் குழு 1980-ல் சோல் பாணியில் பாடியது எல்லாம் கிடைத்துவிட்டன. நாதஸ்வரப் பதிவு ஒன்றுதான் கிடைக்கவே இல்லை.

போன டிசம்பரில் பெரம்பூர் லூர்து மாதா கோயில் பக்கம் ஒரு டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டேன். கூடவே தவில். பாட்டின் அதே மூன்று மூன்றான நடை, நடுவில் சங்கராபரணத்தில் சின்ன ஆலாபனை. அந்த இடம் அவ்வளவு அழகு! பழைய கேசட்டிலிருந்து ஏற்றியது போல இரைச்சல். கடைக்கார அண்ணனிடம் பென்டிரைவ்தான் இருந்தது, பாட்டுக்குப் பெயர் 'டிராக் 07'.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஸாம் ஆப்பில் பிடிபடவில்லை. யூடியூபில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடியாச்சு. மூர் மார்க்கெட்டில் விசாரித்தால் வீணை, சாக்ஸபோன் என்று எடுத்துக் காட்டுகிறார்கள்.

இது எந்த கேசட்டில் வந்தது என்று யாருக்காவது தெரியுமா?