வெனிஸ் பட்ஜெட் ட்ரிப்: அப்டேட்

கோண்டோலா படகு சவாரிக்கே 90 யூரோவாமே, கம்மி காசுல ரெண்டு பேர் வெனிஸ் பாத்துட்டு வர முடியுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டோம், தாராளமா முடியும்.

ரூம் தீவுக்கு வெளிய, கரைப்பக்கம் இருக்குற மெஸ்த்ரேல போட்டோம், ட்ரெயின்ல பத்து நிமிஷத்துல வெனிஸ் சாண்டா லூசியா, ஸ்டேஷன் படி எறங்குனா நேரா கிராண்ட் கால்வாய். மெஸ்த்ரேவும் வெனிஸ் நகராட்சிக்குள்ளதான் வருது, அதனால 2024ல கொண்டுவந்த ஒருநாள் நுழைவு கட்டணம் அங்க தங்குறவங்களுக்கு கெடையாது, ஆனா விலக்குக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணிக்கோங்க.

முக்கியமா த்ரகெட்டோ. கால்வாய குறுக்க கடக்குற படகு, பாக்க கோண்டோலா மாதிரியேதான், முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டே துடுப்பு போடுறாங்க, ஆளுக்கு 2 யூரோ. சாண்டா சோஃபியால ஏறுனா ரியால்டோ மீன் மார்க்கெட் பக்கம் எறங்கலாம். கொஞ்ச நேரந்தான், ஆனா பெரிய போட் போன அலைல ஆடுனப்ப அவ என் கைய கெட்டியா புடிச்சுக்கிட்டா பாருங்க, எனக்கு அதுவே போதும்.

சாப்பாட்டுக்கு பாக்காரோன்னு சொல்ற சின்ன ஒயின் பார் கடைங்க, ப்ரெட் துண்டு மேல காஞ்ச காட் மீன வெண்ணெய் மாதிரி அடிச்சு தடவி தர்றாங்க, செம்ம. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, தெருக்குழாய் தண்ணியே குடிக்கலாம்.

வாப்பரெட்டோ (வாட்டர் பஸ்) சிங்கிள் டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேர பாஸ் 25, மூணு தடவ ஏறுனாலே பாஸ்தான் லாபம், புரானோ தீவுக்கும் அதே பாஸ் செல்லும்.