பிரெஞ்சில் ‘வந்திருப்பேன்’ என்று சொல்ல வராமல் போன தருணம் – உங்கள் அனுபவம்?

செவ்ரான் அக்கா:
கோந்திஸியோனெல் பாஸே, அதாவது நடக்காமல் போனதை ‘வந்திருப்பேன்’ என்று சொல்லும் பிரெஞ்சு வினைவடிவம், படித்தவர்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள் என்று எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மதாம் இறந்துபோனார். பள்ளி விட்டு வரும் என் பிள்ளைகளைத் தன் வீட்டில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவர். எனக்கு இரவு வேலை, யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் அவருடைய மகளைக் கண்டபோதுதான் தெரிந்தது. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது ‘ழெ வியேந்த்ரே’. வருவேன்!

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதைப்போல, “அடக்கம் முடிந்துவிட்டது, மதாம்” என்றார். மூன்றாம் மாடி ஏறிய பிறகு ‘ஸி ழாவே ஸு, ழெ ஸெரே வெனு’ பிழையில்லாமல் வந்தது. கீழே ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. அந்தக் கை இன்னும் என் கையில் இருப்பதைப்போலவே இருக்கிறது.

லியோன் தம்பி:
அக்கா, நீங்கள் சொல்லத் தவறினீர்கள். நான் படித்ததைத் தவறாகப் புரிந்துகொண்டேன். உணவகச் சமையற்கட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டடத்தில் தீ. கீழே ஓடிய வரியில் ‘ஓரே ஃபே தெ மோர்’. வகுப்பில் படித்தபடி, ‘இரண்டு பேர் இறந்திருப்பார்கள், நல்லவேளை இறக்கவில்லை’ என்று பொருள் எடுத்தேன். பாத்திரம் கழுவும் நண்பரின் அண்ணன் அந்தத் தெருவில்தான் இருந்தார். “யாருக்கும் ஒன்றுமில்லை” என்று நானே போய்ச் சொன்னேன். அவர் நிம்மதியாகத் திரும்பவும் கழுவத் தொடங்கினார்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. அண்ணன் தப்பிவிட்டார், பக்கத்து வீட்டில் இருவர் போய்விட்டார்கள். ஈரக் கையுறையோடு அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. உறுதிப்படாத செய்தியை, ‘இறந்ததாகக் கூறப்படுகிறது’ என்பதை, பிரெஞ்சுப் பத்திரிகைகள் இதே வடிவத்தில்தான் எழுதுகின்றன. இதை ஏன் ஒருவரும் கற்பிப்பதில்லை?

புதுவை ஆசிரியர்:
தம்பி, ஒருவரும் கற்பிப்பதில்லை என்று சொல்லாதீர்கள். நான் கற்பிக்கிறேன். சிக்கலின் வேர் நம் தமிழில் இருக்கிறது. ‘நாளை இந்நேரம் வந்திருப்பேன்’, ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். பிரெஞ்சில் முதலாவது எதிர்காலம், இரண்டாவது நிபந்தனை. காதுக்கு இரண்டும் ‘ழெ ஸெரே வெனு’தான்; எழுதும்போது மட்டும் ஓர் எஸ் கூடும்.

வெனிர் (வருதல்), அலே (போதல்), பார்த்திர் (புறப்படுதல்), மூரிர் (இறத்தல்) போன்றவை எத்ர் (‘இரு’) துணைவினையை எடுக்கும்: ழெ ஸெரே, த்யு ஸெரே, இல் ஸெரே, நூ ஸெரியோன், வூ ஸெரியே, இல் ஸெரே. பெரும்பாலான மற்ற வினைகளுக்கு அவ்வார் (‘கொண்டிரு’): ழோரே, த்யு ஓரே, இல் ஓரே, நூஸோரியோன், வூஸோரியே, இல்ஸோரே. இவற்றின் பின் ‘ஃபே’ (செய்த), ‘தி’ (சொன்ன), ‘வூலு’ (விரும்பிய) என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ‘இருந்தால்’ என்ற பொருளில் ‘ஸி’ வரும் பகுதியில் மட்டும் நிபந்தனை வடிவம் வரவே கூடாது. ‘லே ஸி நேம் பா லே ரே’ என்று பிரான்சில் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்; ‘ஸி’களுக்கு ‘ரே’க்களைப் பிடிக்காது. நாளுக்கு ஒரு வினை, ஆறு வடிவம், உரக்கச் சொல்லுங்கள். எழுதியும் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

என் அனுபவம் சிறியது. நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி வாய்மொழித் தேர்வில் எத்ருக்குப் பதில் அவ்வார் போட்டு ‘ழோரே வெனு’ என்று சொன்னது பக்கத்து அறையிலிருந்த எனக்குக் கேட்டது. சுவரைத் தட்டத் தோன்றியது.

மொன்றியல் வாசகி:
ஐயா, மன்னியுங்கள், ஒலி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கியூபெக்கில் காது கூர்மை. எதிர்காலத்துக்கு வாய் குறுகும், நிபந்தனைக்கு அகலும். இயந்திரம் பழுதாகாமல் இருந்திருந்தால் நான்கு மணிக்கு வேலையை முடித்திருப்பேன் என்று மேலாளரிடம் சொல்ல நினைத்தேன். வாய் குறுகிவிட்டது. நான்கு மணிக்கு முடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, அவர் மேலங்கியை மாட்டியபடி என் மேசையருகே வந்து நின்றார். நீங்கள் சொன்னபடி படித்த பிள்ளைகள் இங்கே வந்து இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

புதுவை ஆசிரியர்:
ஏற்றுக்கொள்கிறேன். பிரான்சிலும் இலக்கணப்படி அந்த வேறுபாடு உண்டு, பேச்சில் பலர் விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் இனிச் சொல்கிறேன்.

செவ்ரான் அக்கா:
ஆசிரியர் ஐயா, அட்டவணை எனக்குத் தெரியும். படிக்கட்டில் நிற்கும்போதுதான் வரவில்லை. சனிக்கிழமை அந்த மகள் வீட்டைக் காலி செய்ய வருகிறார். பேசினால் மறுபடியும் குழறும், அதனால் ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். ‘வெனு’ முடிவில் இன்னோர் எழுத்து வேண்டுமா?

புதுவை ஆசிரியர்:
வேண்டும் சகோதரி. எத்ர் வருவதாலும் எழுதுபவர் பெண் என்பதாலும் கடைசியில் ஓர் ‘e’ எழுத்தைச் சேருங்கள். ‘ஸு’வுக்கு வேண்டாம், அது அவ்வாரோடு வருகிறது.